விண்மீன்கள் பிறப்பது ஏன் நின்றுபோகிறது? பேரடைகளின் முடிவில் சூழலின் பங்கு

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து திருகோணமலை வானம் தெளியும் காலம் பெப்ரவரித் தொடக்கம். நிலவில்லாத ஓர் இரவில் எட்டரை மணியளவில், துறைமுக விளக்குகளின் வெளிச்சம் எட்டாத ஒரு கரையில் நின்று தெற்கே பார்த்தால், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் பிரகாசமான ஒரு விண்மீன் தெரியும். அதுவே அகத்தியர் விண்மீன். இரவு வானின் விண்மீன்களில் ஒளியில் இரண்டாவது இடம் அதற்கு. அதற்குக் கீழே சற்று வலப்புறமாக, நீட்டிய கையின் முட்டி அளவுக்குச் சற்று அதிகமான உயரத்தில், கலையாமல் ஒரே இடத்தில் நிற்கும் சிறு முகில் போன்ற மங்கலான திட்டொன்று இருக்கும். அது முகில் அல்ல. பெரிய மகெல்லன் முகில் என்று பெயர் பெற்ற, 1,60,000 ஒளியாண்டு தூரத்திலுள்ள இன்னொரு விண்மீன் பேரடை.

கலக்சி என்று பலரும் அறிந்த இந்தப் பேரடைகள், கோடிக்கணக்கான விண்மீன்களும் வாயுவும் தூசும் ஈர்ப்பால் ஒன்றுசேர்ந்து நிற்கும் பெருந்தொகுதிகள். நமது சூரியன் பால்வீதி என்ற பேரடையைச் சேர்ந்தது. பால்வீதியைச் சுற்றிப் பல சிறிய துணைப் பேரடைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை புதிய விண்மீன்களை உருவாக்குவதை எப்போதோ நிறுத்திவிட்டன. தெற்கு அடிவானத்தில் தெரியும் அந்த மகெல்லன் முகிலோ இன்னும் மும்முரமாக விண்மீன்களைப் பிறப்பித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு பேரடை ஓய்ந்துபோவது அதன் உள்ளிருப்பு தீர்ந்ததாலா, அல்லது அது இருக்கும் இடமும் அதன் அயலும் அதை ஓயவைத்தனவா? கடந்த ஐம்பது ஆண்டுகளாக வானியலின் முக்கிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

குளமும் வரத்தும்

விண்மீன் பிறப்பதற்குக் குளிர்ந்த வாயு வேண்டும். அதில் பெரும்பங்கு ஐதரசன். சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 260 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்த அடர்த்தியான வாயு முகில்கள் தமது ஈர்ப்பாலேயே உள்நோக்கிச் சுருங்கும்போது விண்மீன்கள் உருவாகின்றன. வாயு சூடாக இருந்தால் அதன் அழுத்தம் சுருங்க விடாது. எனவே ஒரு பேரடையிடம் வாயு இருந்தால் மட்டும் போதாது, அது குளிரவும் வேண்டும்.

பால்வீதி இன்று ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஒன்று முதல் இரண்டு சூரியன்களின் திணிவுக்குச் சமமான வாயுவை விண்மீன்களாக மாற்றுகிறது. கையிருப்பில் உள்ள வாயுவை மட்டும் நம்பியிருந்தால் இந்த வேகத்தில் நெடுங்காலம் ஓட முடியாது. பேரடையைச் சுற்றிப் பரந்திருக்கும் மெல்லிய வாயு உறையிலிருந்தும், அதற்கும் அப்பாலிருந்தும் புதிய வாயு விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

புனேக்கு அருகிலுள்ள இராட்சத மீற்றர் அலை ரேடியோ தொலைநோக்கி இதற்கு நல்ல சான்றொன்றைத் தந்தது. ஒவ்வொன்றும் 45 மீற்றர் விட்டமுள்ள 30 தட்டுகளைக் கொண்ட அந்தத் தொலைநோக்கியால் 7,653 பேரடைகளின் சமிக்ஞைகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 800 கோடி ஆண்டுகளுக்கு முன் பேரடைகளிடம் இருந்த ஐதரசனை இந்திய வானியலாளர்கள் அளந்தனர். முடிவு 2020இல் வெளியானது. அன்றைய பேரடைகள் விண்மீன்களை உருவாக்கிய வேகத்தில், வெளியிலிருந்து வரத்து இல்லையென்றால், அவற்றின் இருப்பு 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. அதனுடன் ஒப்பிட்டால் இது மிகக் குறுகிய காலம்.

திருகோணமலை மாவட்டத்தவருக்கு இதை விளக்கக் கந்தளாய்க் குளம் போதும். குளக்கோட்டன் கட்டியதாக மரபு சொல்லும் அந்தக் குளத்திலிருந்தே தம்பலகாமம் வயல்களுக்கு நீர் பாய்கிறது. வயல் விளைவது குளத்தில் நிற்கும் நீரால் மட்டுமல்ல, குளத்துக்கு வரும் நீராலும்தான். ஒரு குளம் வெறுமையாக இரண்டு வழிகள் உண்டு. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய் அணை உடைந்ததுபோல ஒரே பொழுதில் எல்லாம் போய்விடலாம். அல்லது அணைக்கு ஒன்றும் ஆகாமல், வரத்து வாய்க்கால் மட்டும் அடைபட்டு, இருக்கும் நீரை இறைத்து இறைத்துப் பல போகங்களில் வற்றிப் போகலாம். பேரடைகளுக்கும் இந்த இரண்டும் நடக்கின்றன.

நிறம் சொல்லும் கதை

ஒரு பேரடையில் விண்மீன் பிறப்பு நடக்கிறதா, நின்றுவிட்டதா என்பதை அதன் நிறத்திலிருந்து பெருமளவு அறியலாம். திணிவு மிகுந்த விண்மீன்கள் நீல ஒளியுடன் எரிந்து, சில கோடி ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். சூரியன் போன்றவை ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு வாழும். அதைவிடச் சிறிய சிவப்பு விண்மீன்கள் இன்னும் நெடுங்காலம் எரியும். புதியவை பிறக்காவிட்டால் முதலில் மறைவது நீல விண்மீன்கள். மீந்திருப்பது சிவப்பும் மஞ்சளும். நீலமாகத் தெரியும் பேரடை இன்னும் பிறப்பிக்கிறது. சிவந்த பேரடை ஓய்ந்துவிட்டது. தூசு மறைப்பதால் சில பேரடைகள் சிவந்து தெரிவதுண்டு என்பதால், நிறமாலையையும் சேர்த்துப் பார்த்தே உறுதிசெய்வர்.

1980இல் அலன் டிரெஸ்லர் என்ற அமெரிக்க வானியலாளர் 55 பேரடைக் கொத்துகளிலுள்ள ஏறத்தாழ 6,000 பேரடைகளை வகைப்படுத்தினார். கொத்து என்பது நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான பேரடைகள் ஒரே ஈர்ப்புக்குள் நெருங்கி வாழும் இடம். அவர் கண்டது தெளிவான ஒழுங்கு. அயலில் நெருக்கம் குறைந்த இடங்களில் வாயு நிறைந்த சுருள் பேரடைகள் பெரும்பான்மை. நெருக்கம் கூடக் கூட அவை அருகி, வாயு வற்றிய நீள்வட்ட, வில்லை வடிவப் பேரடைகள் பெருகுகின்றன.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1978இல், ஹார்வி புச்சரும் ஒகஸ்டஸ் ஓம்லரும் இன்னொன்றைக் காட்டியிருந்தனர். ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முந்திய நிலையில் நமக்குத் தெரியும் தொலைதூரக் கொத்துகளில், இன்றைய கொத்துகளைவிட நீலப் பேரடைகள் அதிகம். ஆகவே கொத்துகளில் உள்ளவை எல்லாம் பிறவியிலேயே ஓய்ந்தவை அல்ல. அவற்றில் பல உயிர்ப்புடன் உள்ளே வந்து, வந்த இடத்தில் ஓய்ந்தன.

2010இல் யிங்ஜி பெங், சைமன் லில்லி ஆகியோரின் குழு பெருந்தொகைப் பேரடைகளின் தரவுகளை ஆராய்ந்து இரண்டு காரணிகளைப் பிரித்துக் காட்டியது. ஒன்று, பேரடையின் சொந்தத் திணிவு. பெரியதாக வளர்ந்த பேரடை எங்கே இருந்தாலும் ஓய்ந்துபோகும் வாய்ப்பு அதிகம். மற்றது, அயல். திணிவு சிறியதாக இருந்தாலும் நெருக்கமான சூழலில் இருப்பவை ஓய்ந்துபோகும் வாய்ப்பு அதிகம். இந்த இரண்டும் பெருமளவுக்கு ஒன்றையொன்று சாராமல் இயங்குகின்றன.

அணை உடைவது போல

சூழல் ஒரு பேரடையை எப்படித் தாக்குகிறது? முதற் பதில் எக்ஸ்-கதிர் வானியலிலிருந்து வந்தது. 1970 டிசம்பர் 12ஆம் திகதி, கென்யாவின் சுதந்திர நாளில், அந்த நாட்டுக் கடற்கரைக்கு அப்பாலிருந்த கடல்மேடையிலிருந்து ஏவப்பட்ட எக்ஸ்-கதிர்ச் செய்மதிக்கு ‘உகுரு’ என்று பெயரிட்டனர். சுவாகிலி மொழியில் அதன் பொருள் விடுதலை. பேரடைக் கொத்துகளில் பேரடைகளுக்கு இடையிலுள்ள வெளி வெறுமையானதல்ல என்பதை அந்தச் செய்மதியின் அவதானிப்புகள் காட்டின. கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் எக்ஸ்-கதிர்களை உமிழும் மெல்லிய வாயு அங்கே பரந்து கிடக்கிறது. பின்னர், 1999 ஜூலையில் ஏவப்பட்ட இன்னொரு எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி இந்த வாயுவை மிக நுணுக்கமாகப் படம்பிடித்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக அதற்குச் ‘சந்திரா’ என்று பெயர்.

இந்த வாயு எவ்வளவு மெல்லியது? ஒரு கன மீற்றருக்கு ஆயிரம் துணிக்கைகள் என்ற அளவில்தான் இருக்கும். நாம் சுவாசிக்கும் வளியுடன் ஒப்பிட்டால் அது வெற்றிடமே. ஆனால் கொத்துக்குள் விழும் பேரடை விநாடிக்கு 1,000 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் பாய்கிறது. காற்றே இல்லாத நாளில் கடலுக்குப் போகும் படகில் இயந்திரத்தைக் கூட்டினால் முகத்தில் காற்று அறைவதையும் சாரம் படபடப்பதையும் மீனவர்கள் அறிவார்கள். காற்று வீசவில்லை. படகு ஓடுவதால் நின்ற வளியே எதிர்க்காற்றாகிறது. பேரடைக்கும் அதுதான் நடக்கிறது. இந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு.

இந்த எதிர்க்காற்று விண்மீன்களை அசைக்காது. அவை அளவிலே மிகச் சிறியவை, திணிவிலே மிகப் பெரியவை. ஆனால் அவற்றுக்கிடையே பரந்திருக்கும் வாயுவை அது பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போகும். உகுருவின் அவதானிப்புகள் வெளிவந்துகொண்டிருந்த 1972இலேயே ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் கொட் ஆகிய இருவரும் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். பேரடையின் ஈர்ப்பு வாயுவைப் பிடித்துவைக்கும் பலத்தைவிட எதிர்க்காற்றின் அழுத்தம் மிஞ்சும் இடத்தில் வாயு கழன்றுவிடும். ஈர்ப்பின் பிடி விளிம்பில் பலவீனம், மையத்தில் பலம். ஆகவே வெறுமையாதல் வெளியிலிருந்து உள்நோக்கி நடக்கும்.

கணக்கில் சொன்னது பிறகு கண்ணுக்கும் தெரிந்தது. நமக்கு மிக அருகிலுள்ள பெரிய கொத்து கன்னிக் கொத்து. ஏறத்தாழ 5 கோடியே 40 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேரடைகள் அதில் உள்ளன. வெறுங்கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சித்திரை மாத இரவுகளில் பத்து மணியளவில் திருகோணமலையின் தலைக்கு நேர் மேலே, உத்தர விண்மீனுக்குக் கிழக்கே அது நிற்கும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலுள்ள ரேடியோ தொலைநோக்கி வரிசையால் இந்தக் கொத்தின் 53 பேரடைகளை ஆராய்ந்த முடிவுகள் 2009இல் வெளியாகின. கொத்தின் மையத்துக்கு அருகிலிருக்கும் பேரடைகளில் ஐதரசன் வட்டு, விண்மீன் வட்டைவிடச் சிறியதாகக் குறுகியிருந்தது. விளிம்பில் விண்மீன்கள் உள்ளன, வாயு இல்லை. வெளியிலிருந்து உள்ளே விழுந்துகொண்டிருக்கும் சில பேரடைகளில், மையத்துக்கு எதிர்த்திசையில் நீண்ட வாயு வால் தெரிந்தது.

இவற்றுள் மிகத் தெளிவாக வால் கொண்டவற்றை வானியலாளர் ‘ஜெல்லி மீன் பேரடைகள்’ என்று அழைக்கிறார்கள். கரையில் ஒதுங்கும் சொறிமுட்டையின் இழைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். தென்வானத்திலுள்ள நோர்மா கொத்தில் இ.எஸ்.ஓ. 137-001 என்ற பேரடையின் எக்ஸ்-கதிர் வால் இரண்டு இலட்சம் ஒளியாண்டுக்கும் மேல் நீள்கிறது. பறிக்கப்பட்ட வாயு சில இடங்களில் குளிர்ந்து, பேரடைக்கு வெளியே வாலிலேயே புதிய விண்மீன்களை உருவாக்குவதும் உண்டு.

வரத்து நின்ற குளம்

பறித்தெடுக்கும் இந்த முறைக்குக் கண்ணால் காணும் சாட்சி உண்டு. இரண்டாவது முறைக்கு அப்படி ஒன்று இல்லை.

1980இல் ரிச்சர்ட் லார்சன், பீட்ரிஸ் டின்ஸ்லி, நெல்சன் கோல்ட்வெல் ஆகிய மூவரும் ஒரு வேறுபட்ட வழியை முன்வைத்தனர். நியூசிலாந்தில் வளர்ந்த டின்ஸ்லி, பேரடைகள் காலத்தோடு மாறுகின்றன என்பதைக் கணக்கிட்டுக் காட்டிய முன்னோடி. அடுத்த ஆண்டே, 40 வயதில், புற்றுநோயால் இறந்தார். அவர்கள் சொன்னது இது. கொத்துக்குள் வரும் பேரடையின் வட்டிலுள்ள வாயு தப்பிவிடலாம். ஆனால் வட்டைச் சுற்றியுள்ள, எளிதில் கழரக்கூடிய வெளி உறை பறிபோய்விடும். வருங்காலத்துக்கான வாயு இருந்தது அங்கேதான். பேரடையின் தோற்றத்தில் உடனடி மாற்றம் எதுவும் தெரியாது. விண்மீன்கள் முன்போலவே பிறந்துகொண்டிருக்கும். ஆனால் செலவு மட்டும் உண்டு, வரவு இல்லை. இருப்பு கரையக் கரையப் பிறப்பு குறைந்து, ஒரு நாள் நின்றுவிடும்.

இந்தச் செயல்முறைக்கு வானியல் கட்டுரைகள் வைத்திருக்கும் பெயர்கள் இரண்டு: பட்டினி போடுதல், கழுத்தை நெரித்தல். பொருளாதாரத் தடையின் ஆண்டுகளை வடக்குக் கிழக்கில் வாழ்ந்து கடந்தவர்களுக்கு இந்தச் சொற்களுக்கு விளக்கம் தேவைப்படாது. வாயு மனிதர் அல்ல, கொத்து எவருக்கும் தீங்கு நினைப்பதும் இல்லை. ஒப்பீட்டை அதற்கு மேல் இழுப்பது சரியாகாது. ஆனால் சத்தமில்லாமல், தடயம் தெரியாமல் நடந்த ஒரு முடிவின் காரணத்தைப் பின்னால் எப்படி நிறுவினார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

அதற்கான தடயம் வேதியியலில் இருந்தது. ஐதரசன், ஈலியம் தவிர்ந்த மூலகங்கள் அனைத்தையும் வானியலாளர் பொதுவாக ‘உலோகங்கள்’ என்பர். இரும்பு, ஒட்சிசன், காபன் முதலிய இவற்றில் பெரும்பகுதி விண்மீன்களுக்குள் உருவாகி, அவை இறக்கும்போது சுற்றியுள்ள வாயுவில் கலக்கிறது. வெளியிலிருந்து வரும் புதிய வாயுவில் இவை குறைவு. எனவே அது பேரடையின் வாயுவை நீர்த்துப்போகச் செய்துகொண்டே இருக்கும்.

மீண்டும் குளத்தை நினைத்தால் இது எளிதாகும். அணை உடைந்து நீர் போன குளத்தில், கடைசிவரை இருந்த நீர் வழமையான நீரே. வரத்து நின்று மெல்ல வற்றும் குளத்தில் அப்படியல்ல. புதிய நீர் சேராததால் எஞ்சிய நீரில் சேறும் உப்பும் செறிந்துகொண்டே போகும். அதுபோல, வாயு திடீரெனப் பறிபோன பேரடையில் விண்மீன்களின் உலோக அளவு அந்தக் கணத்தில் உறைந்து நிற்கும். வரத்து மட்டும் நின்ற பேரடையில், எஞ்சிய வாயுவிலிருந்து கடைசியாகப் பிறந்த விண்மீன்களில் உலோகம் மிகுந்திருக்கும்.

பெங், ரொபேர்ட்டோ மயோலினோ, ரேச்சல் கொக்ரேன் ஆகியோர் 26,000க்கும் மேற்பட்ட பேரடைகளின் நிறமாலைகளை இந்த நோக்கில் ஆராய்ந்து 2015இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டனர். ஒரே திணிவுள்ளவற்றை ஒப்பிட்டால், ஓய்ந்த பேரடைகளின் விண்மீன்களில் உலோகம் தெளிவாக அதிகம். மெல்ல நெரிபட்டு ஓய்ந்தவையே பெரும்பான்மை என்பதும், அதற்கு எடுத்த காலம் ஏறத்தாழ 400 கோடி ஆண்டு என்பதும் அவர்களின் முடிவு. வரத்து மட்டும் நின்றது போதாது, இருந்த வாயுவில் ஒரு பகுதி வெளியே வீசப்பட்டதும் சேர்ந்தே இந்த அளவுகளை விளக்கும் என்று பின்வந்த ஆய்வுகள் திருத்தம் சொல்லின. அத்துடன், வரத்தை அடைத்தது எல்லா இடத்திலும் அயல்தானா என்பது தனிக் கேள்வி. பெரிய பேரடைகளில் அவற்றின் சொந்த வெப்ப உறையே வாயுவைக் குளிரவிடாமல் தடுக்கக்கூடும்.

நெருங்கிக் கடக்கும் அயலவர்

வாயுவை மட்டுமல்லாது முழுப் பேரடையையும் உலுக்கும் வழிகளும் உண்டு. இரண்டு பேரடைகள் அருகே கடக்கும்போது ஒன்றின் ஈர்ப்பு மற்றதை நீட்டி இழுக்கிறது. நிலவின் ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவதற்கு உள்ள அதே காரணம்தான் இதற்கும். கொத்துக்குள் இத்தகைய வேகமான கடப்புகள் மீண்டும் மீண்டும் நடப்பதால் சிறிய பேரடைகள் உருக்குலைவதை 1996இல் பென் மூரும் அவருடைய குழுவினரும் கணினி மாதிரிகளால் காட்டினர். இதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘தொல்லைப்படுத்தல்’. மெதுவாக நெருங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்போது முதலில் விண்மீன் பிறப்பு பொங்கி எழுந்து, வாயு வேகமாகச் செலவழிந்து, பின்னர் அடங்கும்.

இவையெல்லாம் பெருங்கொத்தை அடைந்த பின்னர்தான் நடக்கும் என்றில்லை. பல பேரடைகள் முதலில் சிறு கூட்டங்களாகச் சேர்ந்து, அங்கேயே வாயுவில் ஒரு பகுதியை இழந்து, அந்த நிலையிலேயே கொத்துக்குள் வருகின்றன.

வெளிக்காரணமா, உட்காரணமா?

அயலின் கையை எல்லா முடிவிலும் காண முயல்வதும் தவறு. பெரும்பாலான பெரிய பேரடைகளின் நடுவில் கருந்துளை ஒன்று உள்ளது. அதற்குள் வாயு விழும்போது வெளிப்படும் சக்தி, சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கவோ வெளியே வீசவோ வல்லது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, பிரபஞ்சம் பிறந்து ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளிலேயே விண்மீன் பிறப்பு நின்றுபோயிருந்த ஒரு சிறு பேரடையைக் கண்டது. பெருங்கொத்துகள் உருவாவதற்கு வெகு முன்னரே நடந்தது அது. 400 கோடி ஆண்டு நெரிப்புக்கு அங்கே காலமும் இருக்கவில்லை.

இரண்டு காரணங்களும் ஒரே இடத்தில் பின்னிக் கிடக்கும் உதாரணமும் உண்டு. ஏபெல் 85 என்ற கொத்துக்குள் விநாடிக்கு 3,000 கிலோமீற்றருக்கும் அதிக வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும் ஜே.ஓ. 201 என்ற ஜெல்லி மீன் பேரடை அது. 2015 செப்டெம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செய்மதியின் புறஊதாத் தொலைநோக்கியால் கோஷி ஜோர்ஜும் குழுவினரும் அதை ஆராய்ந்தனர். புறஊதா ஒளி இளம் விண்மீன்களின் அடையாளம். வட்டிலும், பறிக்கப்பட்ட வாயுவிலும் விண்மீன்கள் பிறப்பதை 2018இல் அவர்கள் காட்டினர். அடுத்த ஆண்டு, பேரடையின் நடுப்பகுதியில் கருந்துளையைச் சுற்றி விண்மீன் பிறப்பு அடங்கிப்போன வெறுமை ஒன்று உள்ளதையும் வெளியிட்டனர்.

இத்தகைய ஜெல்லி மீன் பேரடைகளில் கருந்துளைகள் வழமையைவிட அதிகமாக விழித்திருப்பதை 2017இல் இத்தாலியின் பியாங்கா பொஜியாந்தியின் குழு காட்டியிருந்தது. எதிர்க்காற்று வாயுவில் ஒரு பகுதியை வெளியே பறிக்கிறது. இன்னொரு பகுதியை நடுவுக்குத் தள்ளி, அங்கே உறங்கிய கருந்துளைக்கு இரையாக்குகிறது என்பது அவர்களின் விளக்கம். அப்படியானால் உள்ளே எரிந்த நெருப்பையும் மூட்டியது வெளிக்காற்றுத்தான். முடிவை மட்டும் பார்த்து, உள்ளிருந்தே அழிந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இது நல்ல பாடம்.

நமது வாசலில்

தொலைதூரக் கொத்துகளை விட்டு நமது பால்வீதியின் அயலுக்கு வந்தால் அதே கதை சிறிய அளவில் நடக்கிறது. பால்வீதியைச் சுற்றி ஒன்பது இலட்சம் ஒளியாண்டு தூரத்துக்குள் இருக்கும் குறும் பேரடைகளில் ஐதரசன் ஏறத்தாழ இல்லை என்பதை 2009இல் ஜானா கிர்செவிச்சும் மேரி புட்மனும் தொகுத்துக் காட்டினர். அதற்கு அப்பால் தனித்திருப்பவற்றில் அது இருக்கிறது. மிகச் சிறியவற்றில் சில, பிரபஞ்சத்தின் தொடக்க காலத்துப் புறஊதா வெள்ளத்திலேயே வாயுவை இழந்தவை. மற்றவற்றை ஓயவைத்ததில் பால்வீதியின் வெப்ப வாயு உறைக்கும் அதன் ஈர்ப்புக்கும் பெரும் பங்கு உண்டு.

இரண்டு குறும் பேரடைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டிராக்கோ குறும் பேரடை ஏறத்தாழ 2,50,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. அதன் விண்மீன்கள் ஏறத்தாழ அனைத்தும் மிகப் பழையவை. வாயு இல்லை. 2007இல் கண்டறியப்பட்ட லியோ-டி அதைவிடச் சிறியது. ஆனால் அது 13 இலட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால் தனித்திருக்கிறது. அதனிடம் ஐதரசனும் இருக்கிறது, இளம் விண்மீன்களும் இருக்கின்றன. சிறியது என்பதால் மட்டும் ஒரு பேரடை அழிந்துவிடுவதில்லை. எங்கே இருந்தது, எவ்வளவு காலம் இருந்தது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

அப்படியானால், 1,60,000 ஒளியாண்டு என்ற நெருக்கத்தில் இருந்தும் பெரிய மகெல்லன் முகில் ஏன் ஓயவில்லை? அங்கே பிறப்பு தொடர்கிறது என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 1987 பெப்ரவரியில் அங்கே வெடித்த விண்மீன் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அத்தகைய விண்மீன்களின் ஆயுள் ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளே. அண்மைக் காலத்தில் அது பிறந்திராவிட்டால் 1987இல் வெடித்திருக்க முடியாது.

பதில்களில் ஒன்று, அது திணிவு மிகுந்த துணைப் பேரடை என்பது. மற்றது, அது புதிதாக வந்தது என்பது. நித்யா கல்லிவயலிலும் அவருடன் பணியாற்றியவர்களும் ஹபிள் தொலைநோக்கியால் மகெல்லன் முகில்களின் வேகத்தை அளந்து 2006இல் வெளியிட்டபோது, அது எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. இந்த முகில்கள் பால்வீதியை நீண்டகாலமாகச் சுற்றி வருபவை அல்ல, இப்போதுதான் முதன்முறையாக நெருங்கியுள்ளன என்ற விளக்கம் அதிலிருந்து வலுப்பெற்றது.

ஆனால் இழப்பு தொடங்கிவிட்டது. பெரிய, சிறிய மகெல்லன் முகில்கள் இரண்டுக்கும் பின்னால் வானத்தில் நூறு பாகைக்கும் மேல் நீண்டு கிடக்கும் ஐதரசன் ஓடையை 1974இல் ரேடியோ தொலைநோக்கிகள் கண்டறிந்தன. முகில்கள் இரண்டும் ஒன்றையொன்று இழுத்ததும், பால்வீதியின் வாயு உறை எதிர்க்காற்றாக மோதியதும் சேர்ந்து உருவாக்கியது அது. 2024இல் சப்னா மிஸ்ரா, அன்ட்ரூ பொக்ஸ் ஆகியோரின் குழு, பின்னணியிலுள்ள 28 குவேசார்களின் ஒளியைக் கொண்டு பெரிய முகிலின் வெளி உறையை அளந்தது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 50,000 ஒளியாண்டு மட்டுமே. இதே திணிவுள்ள பேரடைகளின் உறையுடன் ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு. மீதி பறிபோய்விட்டது.

லார்சனும் டின்ஸ்லியும் கோல்ட்வெல்லும் 1980இல் எழுதியது இங்கே நமது அயலிலேயே நடக்கிறது. வட்டிலுள்ள வாயு தப்பியிருக்கிறது. இப்போதைக்கு விண்மீன்கள் பிறக்கின்றன. வரத்துக்கான உறையில் பெரும்பகுதி இல்லை. இன்னும் ஏறத்தாழ 240 கோடி ஆண்டில் பெரிய முகில் பால்வீதியுடன் மோதி ஒன்றாகும் என்று 2019இல் வெளியான கணினி மாதிரி ஒன்று காட்டுகிறது.

சிலியிலுள்ள வேரா ரூபின் அவதானிப்பு நிலையம் 2025 ஜூனில் தனது முதற் படங்களை வெளியிட்டது. அவற்றிலொன்று கன்னிக் கொத்தின் தென்பகுதி. அடுத்த பத்து ஆண்டுகளுக்குத் தென்வானம் முழுவதையும் திரும்பத் திரும்பப் படம்பிடிக்கப்போகும் அந்த நிலையம், பால்வீதியின் மங்கலான துணைப் பேரடைகள் இன்னும் பலவற்றைக் கண்டறியும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. எத்தனை பறிக்கப்பட்டன, எத்தனை நெரிபட்டன, எத்தனை தாமாக ஓய்ந்தன என்ற கணக்கு அப்போது இன்னும் துலங்கும்.

அதுவரை தொலைநோக்கி இல்லாதவர்களுக்கும் ஒரு காட்சி இருக்கிறது. பெப்ரவரித் தொடக்கத்தில், நிலவில்லாத இரவில், வெளிச்சமற்ற கரையில் நின்று அகத்தியர் விண்மீனுக்குக் கீழே பார்க்கலாம். கலையாத அந்தச் சிறு முகில், வரத்தின் பெரும்பகுதியை இழந்த பின்னரும் இன்னும் விண்மீன்களைப் பிறப்பித்துக்கொண்டிருக்கும் ஒரு பேரடை.